டப்பாவில் உறக்கம், பரப்பில் விழிப்பு: எந்தக் குறுக்குப் பிணைப்பைத் தேர்வது?

ஒரு துணியை மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற வலுவான கரைப்பானில் நனைத்து, நன்றாகக் காய்ந்த பெயின்ட் படலத்தின் மேல் அழுத்தி முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கராக இருந்தால் நாலைந்து தேய்ப்பிலேயே துணியில் நிறம் ஏறிவிடும். முறையாகக் கலந்து பூசிய எபாக்சியாக இருந்தால் 200 முறை தேய்த்தாலும் பளபளப்பு சற்று மங்குவதோடு சரி. இரண்டையும் நாம் ‘காய்ந்துவிட்டது’ என்றுதான் சொல்கிறோம். லாக்கரில் கரைப்பான் ஆவியாகிப் போனது, அவ்வளவே. பாலிமர் சங்கிலிகள் தனித்தனியாகவே கிடக்கின்றன. கரைப்பான் திரும்ப வந்தால் மீண்டும் மிதக்கத் தொடங்கும். எபாக்சியிலோ சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே வேதிப்பிணைப்பு விழுந்து, நூற்குவியல் வலையாகிவிட்டது. வலையைக் கரைப்பான் ஊறவைக்கலாம், உப்பவைக்கலாம், கரைக்க முடியாது.

இந்த வலைபின்னலைத்தான் குறுக்குப் பிணைப்பு என்கிறோம். எந்தப் பெயின்டை எடுப்பது என்று குழம்பி வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ‘எதன் பிணைப்பு வலுவானது?’ என்பதுதான். அந்தக் கேள்வியைச் சற்று ஒத்திவைக்கச் சொல்வேன். பெயின்ட் வேதியியலின் அடிப்படைப் புதிர் வேறு. டப்பாவுக்குள் இருக்கும்வரை, மாதக்கணக்கில், அது வினைபுரியக் கூடாது. பரப்பில் ஏறியபின் சில மணி நேரத்தில் புரிந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு பெயின்டும் ஒரு பூட்டோடு வருகிறது. ஆல்கிடுக்குச் சாவி காற்றின் ஆக்சிஜன். எபாக்சிக்கும் பாலியூரிதேனுக்கும் இரண்டாவது டப்பா. மெலமைனுக்கு அடுப்பின் சூடு, அக்ரிலேட்டுக்குப் புற ஊதா ஒளி, சில நீர்ப் பெயின்டுகளுக்கு நீர் வெளியேறுவதே சாவி. நான் பார்த்த பூச்சுத் தோல்விகளில் பெரும்பாலானவற்றில் வேதியியலில் குறை இல்லை; சாவி பணியிடத்துக்கு வந்து சேரவில்லை. எனவே ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது, அந்தச் சாவி உங்கள் கையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

ஆல்கிட்: காற்றே போதும்

எனாமல் என்று கேட்டு வாங்கும் பெயின்ட் பெரும்பாலும் ஆல்கிட்தான். அல்கஹால், ஆசிட் என்ற இரண்டு சொற்களை ஒட்டிச் செய்த பெயர் அது. பாலியெஸ்டர் முதுகெலும்பிலிருந்து தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். லினோலெயிக் அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே ஒரு கார்பன் அணு மாட்டிக்கொண்டிருக்கிறது. அதிலுள்ள ஹைட்ரஜன் எளிதில் பறிபோகும். பறிபோன இடத்தில் ஆக்சிஜன் ஏறி ஹைட்ரோபெராக்சைடு உண்டாகிறது. உலர்வை விரைவுபடுத்தச் சேர்க்கும் கோபால்ட் டிரையர் அதை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்கின்றன. ஒலெயிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் அடையும் வேகத்தை 1 என்று வைத்தால், லினோலெயிக்குக்கு ஏறத்தாழ 12, லினோலெனிக்குக்கு 25. லினோலெனிக் மிகுந்த ஆளிவிதை எண்ணெய் விரைவாக உலர்வதும், அதே காரணத்தால் நாளடைவில் மஞ்சளாவதும் இதனால்தான். வெள்ளை எனாமலுக்குச் சோயா, சூரியகாந்தி எண்ணெய்களை நாடுவது இதற்காகத்தான்.

இதன் பெரிய நன்மை: கலக்கவேண்டியது எதுவும் இல்லை, ஆகவே கலவைப் பிழையும் இல்லை. ஆக்சிஜன் எங்கும் இருக்கிறது. ஆனால் அது மேலிருந்துதான் நுழைகிறது. சோம்பல்பட்டு ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் மேலே தோல் கட்டி, சுருங்கி, உள்ளே பல நாள்கள் மெத்தென்றே இருக்கும். இன்னொன்று, இந்த வினைக்கு முற்றுப்புள்ளி கிடையாது. ஆண்டுகள் ஓடினாலும் ஆக்சிஜன் வலையை இறுக்கிக்கொண்டே இருக்கும்; ஒரு கட்டத்தில் படலம் விறைத்து விரிசல் விடும்.

காரத்தை அது தாங்கவே தாங்காது. எஸ்டர் பிணைப்பைக் காரம் பிளக்கும். புதிய கான்கிரீட்டின் மேல் ஆல்கிட் பூசுவது சோப்பு காய்ச்சுவதற்குச் சமம். துத்தநாகம் பூசிய தகட்டின் மேல் பூசினாலும் அடியில் துத்தநாக சோப்பு உருவாகி, படலம் முழுத் தாளாக உரிந்து வரும். கூடவே ஓர் எச்சரிக்கை: ஆக்சிஜனேற்றத்தில் வெப்பம் வெளியாகிறது. இந்த எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவியலாகப் போட்டால் தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்.

எபாக்சி: அளவுக்கும் குளிருக்கும் அடிபணிகிற வலை

எபாக்சி வளையத்தில் இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் முக்கோணமாக நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாவது டப்பாவிலுள்ள அமீன் (நைட்ரஜன் கொண்ட சேர்மம்) தொட்டதும் வளையம் திறந்து கொள்கிறது. துணைப்பொருள் எதுவும் வெளியேறுவதில்லை, திறந்த இடத்தில் ஹைட்ராக்சில் தொகுதி பிறக்கிறது. அது உலோகப் பரப்பை இறுகப் பிடிக்கும். எஃகின் மேல் ஒட்டும் ப்ரைமர் என்றால் என் முதல் தேர்வு இன்றும் இதுதான். காரம் தாக்குவதற்கு இதில் எஸ்டர் கிடையாது என்பதால் கான்கிரீட் தரைக்கும் இது ஏற்றது.

ஆனால் அளவு தவறக்கூடாது. வழக்கமான திரவ எபாக்சியின் சமான எடை, அதாவது ஒரு வினைமுனைக்கு வரும் எடை, 190 அளவில் இருக்கும். டைஎத்திலீன் ட்ரைஅமீனின் மூலக்கூறு எடை 103. வினைபுரியும் ஹைட்ரஜன்கள் ஐந்து. ஆகச் சமான எடை 20.6. எனவே 100 கிராம் எபாக்சிக்கு 10.8 கிராம் அமீன் போதும். இவ்வளவு சிறிய எண்ணில் ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் பத்து விழுக்காட்டுப் பிழை. பாலிஅமைடு வகை ஹார்டனர்களின் (எபாக்சியை இறுக்கும் இரண்டாவது டப்பாப் பொருள்) சமான எடை பெரியது என்பதால் அங்கே கை தவறுவதற்குக் கொஞ்சம் இடம் உண்டு. பணியிடத்தில் கலப்பவர்களுக்கு நான் பாலிஅமைடைப் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம்.

என் கண்முன் நடந்த பிழை ஒன்று. கொள்ளளவில் நான்குக்கு ஒன்று என்று டப்பாவில் எழுதியிருந்தது. தராசு கைக்கு வசதியாக இருந்ததால், நான்தான் எடையில் நான்குக்கு ஒன்று கலக்கச் சொன்னேன். நிறமியும் நிரப்பியும் கலந்த எபாக்சி டப்பாவின் அடர்த்தி 1.4, ஹார்டனரின் அடர்த்தி 0.95. கணக்குப் போட்டால் எடையில் சரியான விகிதம் ஏறத்தாழ ஆறுக்கு ஒன்று. தேவைக்கு ஒன்றரை மடங்கு ஹார்டனர் உள்ளே போய்விட்டது. படலம் கெட்டியானது, பார்வைக்கு நன்றாகவும் இருந்தது. முதல் மழையில் வெளுத்து, நகம் வைத்தால் பதியும் அளவுக்கு இளகியது. மீந்த அமீன் முனைகளுக்குப் பிடித்துக்கொள்ள எபாக்சி இல்லை. அவை தண்ணீரைப் பிடித்துக்கொண்டன.

‘கெட்டியானது’ என்ற சொல்லும் ஏமாற்றும். பாலிமர் வேதியியலாளர் ஃப்ளோரி 1941இல் வகுத்த கணக்கின்படி, ஐந்து கைகள் கொண்ட அமீனும் இரண்டு கைகள் கொண்ட எபாக்சியும் சரியான அளவில் சேர்ந்தால், பாதி வினை முடியும்போதே கலவை முழுவதும் ஒரே ஜெல்லாக இறுகிவிடும். விரலில் ஒட்டவில்லை என்று மகிழும் நேரத்தில் மீதிப் பாதி வேலை காத்திருக்கிறது. வலை இறுக இறுக மூலக்கூறுகளின் அசைவு குறைகிறது. படலத்தின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (அதற்குக் கீழே படலம் கண்ணாடி போல விறைத்திருக்கும்) அறை வெப்பநிலையைத் தாண்டி மேலே ஏறியதும், வினை ஏறக்குறைய உறைந்து நின்றுவிடும். ஆகவே அறைச் சூட்டில் உலர்ந்த எபாக்சி கொதிநீரைத் தாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பின்னர் மெல்லச் சூடேற்றினால் மீதி வினையில் பெரும்பகுதி நடந்தேறும்.

குளிர் இன்னொரு பகை. பத்து டிகிரிக்குக் கீழே சாதாரண அமீன் ஹார்டனர்கள் தூங்கி வழியும். அந்த வேளையில் காற்றின் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் பரப்பிலுள்ள அமீனைப் பிடித்து, பிசுபிசுப்பான வெண்படிவை உண்டாக்கும். அதைக் கழுவாமல் அடுத்த பூச்சைப் போட்டால் இரண்டும் ஒட்டாது. பரப்பின் வெப்பநிலை பனி நிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்ற விதியை எழுதி மாட்டிவையுங்கள். குளிரில் வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் முந்திரி ஓட்டு எண்ணெயின் கார்டனாலிலிருந்து செய்யும் பீனல்கமீன் ஹார்டனரைக் கேளுங்கள். உறைநிலைக்குச் சற்று மேலேகூட அது வேலை செய்யும்.

வெயிலுக்கு மட்டும் எபாக்சியைக் கொண்டு போகாதீர்கள். பிஸ்பீனால்-ஏ வளையங்கள் புற ஊதாவை உறிஞ்சி உடையும். சில மாதங்களில் பரப்பு சுண்ணாம்பு போலப் பொடியும்.

பாலியூரிதேன்: அழகும் அபாயமும்

1937இல் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவும் ஜெர்மனியில் கண்டறிந்த வேதியியல் இது. ஐசோசயனேட்டும் ஹைட்ராக்சிலும் சேர்ந்து யூரிதேன் ஆகின்றன. வெயிலில் பளபளப்பு, கீறல் தாங்கும் வன்மை, வளைந்தாலும் விரிசல் விடாத நெகிழ்வு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கொடுப்பதில் அறைச் சூட்டில் உலரும் பூச்சுகளில் இதற்கு இணை எனக்குத் தெரியவில்லை. ஆனால் எந்த ஐசோசயனேட் என்று பார்க்க வேண்டும். டொலுயீன் டைஐசோசயனேட் போன்ற அரோமாட்டிக் வகை விரைவாக உலரும், வெயிலில் மஞ்சளாகும். ஹெக்சாமெத்திலீன் போன்ற அலிபாட்டிக் வகை மெதுவாக உலரும், நிறம் மாறாது. வெளிப்புற மேற்பூச்சுக்குப் பின்னதுதான்.

இதன் பலவீனம் தண்ணீர். ஒரு நீர் மூலக்கூறு இரண்டு ஐசோசயனேட்டுகளைத் தின்று, ஒரு கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். மூன்று மூலக்கூறுகளை ஒன்றாகச் சேர்த்த ஹெக்சாமெத்திலீன் முப்படி ஹார்டனரில் ஐசோசயனேட் அளவு 22 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். கணக்குப் பார்த்தால், தின்னரில் ஒளிந்திருக்கும் ஒரு கிராம் தண்ணீர் 21 கிராம் ஹார்டனரை வீணாக்கி, 1.3 லிட்டர் வாயுவைப் படலத்துக்குள் விடுகிறது. பரப்பில் ஊசிமுனைத் துளைகள் வந்தால் தெளிப்பானைக் குறை சொல்வதற்கு முன் தின்னர் டப்பாவின் மூடியைப் பாருங்கள். அல்கஹால் கலந்த தின்னரும் இதே தீங்கைச் செய்யும். அதுவும் ஐசோசயனேட்டோடு வினைபுரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய கவலை, பூசுகிற மனிதரின் மூச்சு. ஐசோசயனேட் மூச்சுக்குழாயை உணர்மிகையாக்கும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறு அளவுகூட ஆஸ்துமாவைத் தூண்டும். அந்தத் தொழிலையே விடவேண்டி வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், தனி டைஐசோசயனேட் 0.1 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருள்களைத் தொழில்முறையாகக் கையாள்வோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். தூரிகையாலோ உருளையாலோ பூசும்போது அபாயம் குறைவு. தெளிக்கும்போது நுண்துளிகள் நுரையீரல்வரை போகும். வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாய்வழி தரும் முகமூடி கட்டாயம். அது இல்லாத இடத்தில் பாலியூரிதேன் தெளிக்கச் சொல்லும் எந்த ஒப்பீட்டையும் நான் ஏற்கமாட்டேன், அதன் பளபளப்பு எத்தனை ஆண்டு நின்றாலும்.

அடுப்பு இருப்பவர்களுக்கு

தொழிற்சாலையில் அடுப்பு இருந்தால் கணக்கே மாறிவிடுகிறது. ஹெக்சாமெத்தாக்சிமெத்தில் மெலமைனுக்குப் பெயரிலேயே ஆறு கைகள் (ஹெக்சா என்றால் ஆறு). அமில வினையூக்கியுடன் 120 முதல் 150 டிகிரியில் இருபது முப்பது நிமிடம் வைத்தால் அக்ரிலிக்கின் அல்லது பாலியெஸ்டரின் ஹைட்ராக்சிலைப் பிடித்து மெத்தனாலை வெளியிடும். டப்பா ஒன்றுதான், கலவை நேரக் கவலை இல்லை. குறை இரண்டு. வினையின்போது சிறிது ஃபார்மால்டிஹைடும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. இரண்டாவது, எந்த அமிலம் பிணைப்பைக் கட்டியதோ அதே அமிலம் ஈரத்தோடு வந்தால் அவிழ்க்கவும் செய்யும். கார்களின் மேற்பூச்சில் அமில மழை குழிகள் பறித்த காரணம் இதுவே.

மூடிய ஐசோசயனேட் இதற்கு மாற்று. வினைமுனையின் தலையில் ஒரு தொப்பியைப் போட்டு அனுப்புகிறார்கள். சூட்டில் தொப்பி கழன்றுவிடும். கேப்ரோலாக்டம் தொப்பிக்கு 160 டிகிரிக்கு மேல் வேண்டும். டைமெத்தில் பைரசோல் 120ஐ ஒட்டியே கழலும். தூளாகத் தெளித்துச் சூட்டில் உருக்கும் பவுடர் பூச்சில் கரைப்பானே இல்லை. பாலியெஸ்டரைப் பிணைக்க முன்பு பரவலாக இருந்த ட்ரைகிளைசிடில் ஐசோசயனுரேட், மரபணுவைப் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டதால் அங்கே ஹைட்ராக்சிஅல்கைல்அமைடு இடம்பிடித்தது. அது நீரை வெளியிடுவதால் படலம் தடித்தால் துளைகள் விழும். எதை எடுத்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்: அடுப்பின் முகப்பில் தெரியும் எண் காற்றின் சூடு. தடித்த வார்ப்பு ஒன்றை உள்ளே வைத்தால் அதன் உலோகம் அந்தச் சூட்டைத் தொடவே நேரம் பிடிக்கும். நிமிடக் கணக்கை அந்த நொடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

புற ஊதா முறை சில நொடிகளில் முடியும். தட்டையான மரப்பலகைக்கு மிகச் சிறப்பு. ஒளி படாத மூலையில் ஈரமாகவே இருக்கும். நிறமி அடர்ந்தாலும் அடியில் அப்படியே. வளைவும் குழிவும் உள்ள பொருளுக்கு நான் சொல்வதில்லை.

ஒரே டப்பா, நீரில்

எனக்குத் தனிப்பட்ட பிரியம் இந்த வகைமேல். அக்ரிலிக் துகளுக்குள் கீட்டோன் தொகுதியை வைத்து, சுற்றியுள்ள நீரில் அதைப் பிணைக்கும் அடிபிக் டைஹைட்ரசைடைக் கரைத்து விடுகிறார்கள். இரண்டும் சேரும்போது நீர் பிரிகிறது. சுற்றிலும் நீர் இருக்கும்வரை அந்த வினை முன்னேறத் தயங்கும். அமோனியா இருக்கும்வரை காரத்தன்மையும் தடுக்கும். பரப்பில் பூசியதும் நீரும் அமோனியாவும் கிளம்புகின்றன. வலை விழத் தொடங்குகிறது. காவலாளி தானே கதவைத் திறந்துவிட்டுப் போவது போன்ற ஏற்பாடு.

இதன் வலை இரண்டு டப்பா பாலியூரிதேன் அளவுக்கு நெருக்கமானதில்லை. துகள்கள் ஒன்றோடொன்று கலந்து உருகிச் சேர்வதற்குள் பிணைப்பு முந்திக்கொண்டால் ஒவ்வொரு துகளும் தனித்தனி உருண்டையாக நின்று, படலம் பலவீனமாகும். குளிர்ந்த அறையில் பூசும்போது இந்த ஆபத்து அதிகம். ஆனால் மர ஜன்னல், வீட்டுத் தரை, அலமாரி போன்றவற்றுக்கு, முகமூடிக் கருவி இல்லாத ஒருவர் மனிதர்கள் வாழும் அறையில் பூசும்போது, இதைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை.

வலை எவ்வளவு நெருக்கம்?

நெருக்கமான வலை கரைப்பானைத் தாங்கும், கீறலைத் தாங்கும். ஆனால் ஒவ்வொரு பிணைப்பும் அணுக்களை அருகே இழுப்பதால் படலம் சுருங்குகிறது. அடியிலுள்ள பரப்பு அசையாததால் அந்த இழுப்பு தகைவாகத் தேங்கி, ஒட்டுதலைச் சோதிக்கிறது. வெயிலிலும் மழையிலும் விரிந்து சுருங்கும் மரத்தின் மேல் மிக இறுகிய படலம் விரைவில் பிளக்கும்.

பலர் கவனிக்காத விளைவு, மறுபூச்சு. வலை இளமையாக இருக்கும்போது மேலே வரும் பெயின்ட் அதற்குள் சற்று ஊறி, மீந்த வினைமுனைகளோடு கைகோர்க்கும். முற்றிய எபாக்சியில் ஊற இடமில்லை. உப்புத்தாளால் உரசிக் கரடாக்கினால்தான் பிடிப்பு கிடைக்கும். டப்பாவில் மறுபூச்சுக்கு அதிகபட்ச இடைவெளி என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். பின்னாளில் பழுது பார்க்க நேரும் இடமென்றால், சற்றுத் தளர்ந்த வலையே நல்லது.

ஆக, எதை எடுப்பது?

கடற்கரையில் நிற்கும் எஃகு அமைப்பென்றால் ஒரே வேதியியலில் நிற்க வேண்டாம். உலர் படலத்தில் எடையளவில் 80 விழுக்காட்டுக்குக் குறையாத துத்தநாகத் தூள் கொண்ட எபாக்சி ப்ரைமர், நடுவில் தடித்த எபாக்சி, மேலே அலிபாட்டிக் பாலியூரிதேன். எஃகுப் பூச்சுகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 12944இல் கடுமையான சூழல்களுக்கு நெடுங்காலமாகப் பயன்படும் அடுக்கு இது. ஒன்று பிடித்துக்கொள்கிறது, ஒன்று மறைக்கிறது, ஒன்று வெயிலைத் தாங்குகிறது.

உள்ளறையில் உள்ள இரும்புக் கிராதிக்கும் கதவுக்கும் ஆல்கிட் இன்றும் தகும். மெல்லிய இரண்டு பூச்சு, நடுவே ஒரு முழு நாள் பொறுமை. அதே கதவு துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் நீர் அக்ரிலிக்குக்கு மாறுங்கள். கான்கிரீட் தரைக்கு எபாக்சி, ஆனால் கான்கிரீட் முதிர்ந்து ஈரம் வற்றியபின். தொடர்ச்சியாக ஒரே வடிவ உலோகப் பொருள் செய்பவர்கள் அடுப்பில் முதலீடு செய்து பவுடருக்குப் போவதையே சொல்வேன். கலவை விகிதம் தவறுவதற்கு அங்கே இடமில்லை.

இரண்டு டப்பா வகைகளில் தடுமாறுகிறவர்கள் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவையுங்கள். கலக்கப்போகிறவர் யார்? அந்த மணி நேரத்தில் பரப்பின் வெப்பநிலை என்ன? கலந்ததை எவ்வளவு நேரத்தில் தீர்க்க முடியும்? எபாக்சி வாளி நிறையக் கலந்தால் வெளிப்படும் வெப்பமே வினையை விரைவுபடுத்தி, வாளிக்குள்ளேயே புகையும். சிறு அளவாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றிக்கொண்டால் நேரம் கிடைக்கும்.

முடிவெடுத்த பின்னும் ஒரு சிறு தகட்டில், வேலை நடக்கும் அதே இடத்தில், வேலை செய்யப்போகும் அதே ஆளைக்கொண்டு பூசிவையுங்கள். ஏழு நாள் கழித்து அந்தக் கீட்டோன் துணியை எடுங்கள். நூறு தேய்ப்பு தாங்கினால் மீதி டப்பாக்களைத் திறக்கலாம். துணியில் நிறம் ஏறினால், விகிதத்தையும் வெப்பமானியையும் மறுபடி பாருங்கள். முழுப் பரப்பையும் சுரண்டி எடுப்பதைவிட ஒரு தகட்டைத் தூக்கிப்போடுவது எளிது.